ஊரார் கல்யாணத்தின் கடைசி அரை நிமிஷம்

– எலி கடிச்ச மாதிரின்னா எப்படி? பதறாம சொல்லு, குட்டி.

– பதறாமவா? நல்லா இருக்கு போங்கண்ணா. காலைல ஷட்டரைத் தூக்கிட்டு உள்ள வந்தா, எடிட்டிங் மிஷின் மேடு ஏறுற லாரி மாதிரி உறுமிக்கிட்டு இருக்கு. அப்பா எடுத்த கல்யாண வீடியோ ஃபைல் எல்லாம் வரிசையா இருக்கும்ல, ஒவ்வொண்ணு முன்னாடியும் சின்னதா பொண்ணு மாப்பிள்ளை முகம் தெரியும்ல, அந்த முகமெல்லாம் காணோம். வெறும் வெள்ளைத் தாளு. பேருக்குப் பின்னாடி வாயில நுழையாத எழுத்து என்னமோ ஒட்டியிருக்கு. கிளிக் பண்ணா திறக்க மாட்டேங்குது.

– எத்தனையைக் கிளிக் பண்ண?

– ஒண்ணு. சரி, ஒரு அஞ்சாறு.

– இனிமே எதையும் தொடாத. மவுசை விட்டுக் கையை எடு.

– எடுத்துட்டேன். அண்ணா, உங்களைக் கூப்பிடவே கூடாதுன்னுதான் இருந்தேன். அப்பா போனதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை நாம. ஆனா கம்ப்யூட்டர் விஷயத்துல வேற யாரைத் தெரியும் எனக்கு?

– கூப்பிட்டது நல்லது. சண்டையை அப்புறம் போட்டுக்கலாம், அது எங்கயும் ஓடிப் போகாது. அந்த ஃபைல் எல்லாம் எடிட்டிங் மிஷினுக்குள்ளயா இருக்கு, இல்ல கிழவர்கிட்டயா?

– கிழவர்கிட்டதான். எல்லாமே அவர்கிட்டதானே சேத்து வச்சிருக்கோம்.

– இன்னும் உயிரோட இருக்காரா அந்த ஆளு? நான் வாங்கும்போதே அது செகண்ட் ஹேண்டு ஸ்டோரேஜ் பெட்டி.

– நீங்க வச்ச பேரு, வச்ச மூலை, அதே ஸ்டூல் மேல உக்காந்திருக்காரு. எப்பவும் பச்சை விளக்கு விட்டு விட்டுத்தானே எரியும்? இன்னிக்கு படபடன்னு அடிச்சுக்குது.

– சரி. இப்ப நான் சொல்றதை மட்டும் செய். எடிட்டிங் மிஷினுக்குப் பின்னாடி ஒரு நீல வயர் போகும். அதோட முனையில சின்ன நாக்கு மாதிரி இருக்கும், அதை அமுக்கிக்கிட்டே இழு.

– மெயின் ஸ்விட்சையே தட்டிடலாம்ணா. ஒரேயடியா எல்லாம் நிக்கும்.

– வேண்டாம். பவர் இருக்கட்டும். உள்ள என்ன நடந்துச்சுங்கறது அதோட நெனப்புல இருக்கும். அணைச்சா மறந்துடும். அப்புறம் யார் வந்து பாத்தாலும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. வயரை மட்டும்.

– இருங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைக்கறேன். மேஜைக்கு அடியில போகணும்... அம்மாடி, எத்தனை தூசி. ஒரு பழைய லென்ஸ் மூடி கிடக்கு இங்க. நாம தேடாத இடமில்லை அப்போ... இதான் நீல வயரு... வந்துடுச்சு. கழட்டிட்டேன்.

– கிழவரைப் பாரு.

– பழையபடி எரியறாரு. விட்டு விட்டு.

– அப்பாடா.

– சரியாயிடுச்சா?

– சரியாகலை. கடிக்கறது நின்னிருக்கு, அவ்வளவுதான். அந்த வை-ஃபை பெட்டியையும் அணை. கிழவரோட வயரையும் கழட்டு. முன்னாடி பில் போடற கம்ப்யூட்டர்?

– இன்னும் போடவே இல்லை.

– போடாத. இன்னிக்கு அதுக்கும் லீவு.

– அண்ணா, இது என்னண்ணா? வைரஸா?

– அப்படித்தான் தோணுது, நிச்சயமாச் சொல்ல இப்ப முடியாது. எவனோ எடிட்டிங் மிஷினுக்குள்ள புகுந்து, அது வழியா கிழவர்கிட்ட இருக்கறதை ஒண்ணொண்ணா பூட்டிக்கிட்டு இருந்திருக்கான். நம்ம வீட்டுக்குள்ள வந்து, நம்ம பீரோவுக்கு அவன் பூட்டைப் போட்டுட்டு, காசு குடுத்தா சாவி தர்றேம்பான். அந்த மாதிரி ஆளுங்க.

– கட்டையில போக! ஏதோ ஒரு வெள்ளை ஃபைல், 'என்னைப் படி'ன்னு இங்கிலீஷ்ல பேரு வச்சு நடுவுல கிடக்கு. அது அவன் எழுதினதுதானா?

– அவன்தான். திறக்காத. பதிலும் போடாத. காசு குடுத்தவனுக்கெல்லாம் சாவி வந்துடறதும் இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். திரையை உன் போன்ல போட்டோ எடுத்துக்க. நல்லா எழுத்து தெரியற மாதிரி.

– போட்டோ எடுக்கறதை எனக்கே சொல்லிக் குடுக்கறீங்களா? எடுத்துட்டேன். சரி, இப்ப நான் பண்ணதைக் கேளுங்க. நீங்க அன்னிக்கு சொன்னதை இன்னும் செய்யறேன். சனிக்கிழமையானா காப்பி எடுத்து அந்தக் கறுப்பு டிஸ்க்கைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிடுவேன். இதோ, ஹேண்ட்பேக்லேர்ந்து எடுத்துட்டேன், இதை மாட்டி...

– மாட்டாத! குட்டி, மாட்டாத! மாட்டிட்டியா?

– ஐயோ, ஏன் கத்தறீங்க! மாட்டலை. கையிலதான் இருக்கு.

– உள்ள வை. பேக்குக்குள்ள வச்சு ஜிப்பைப் போடு. அவன் இன்னும் அந்த மிஷினுக்குள்ளயே இருந்தா, இதையும் பூட்டிடுவான். மன்னிச்சுக்க, கத்திட்டேன்.

– பரவால்லை. அதானே பாத்தேன், இவ்வளவு நேரம் வேற யார்கிட்டயோ பேசற மாதிரியே இருந்துச்சு. லைட் ஸ்டாண்டைத் தூக்கி அடிச்ச ஆளாச்சே நீங்க. பேட்டரி சார்ஜ் ஆகலைன்னு.

– அது பேட்டரிக்காக இல்லை. கல்யாண வீட்டுக்காரர் அப்பாவை மரியாதை இல்லாமப் பேசினதுக்கு.

– ஆனா அடி வாங்கினது ஸ்டாண்டு. எங்கேர்ந்து வந்துச்சு இந்த நிதானம்?

– ஆஸ்பத்திரியிலேர்ந்து. நான் வேலை பாக்கற இடத்துல ஒரு தடவை இதே மாதிரி ஆச்சு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கத்தினோம். நீதான் திறந்த, நான் இல்லைன்னு. நாங்க கத்தி முடிக்கறதுக்குள்ள அவன் பாதி ஆஸ்பத்திரியைப் பூட்டிட்டான். பதறாத காரியம் சிதறாதுன்னு அப்பா சொல்லுவாரே, அன்னிக்குத்தான் உறைச்சுது. அப்புறம் அந்த டிஸ்க்ல என்ன இருக்கு? எல்லாமே இருக்கா?

– இருக்கு. இல்ல... வந்து...

– சொல்லு. திட்ட மாட்டேன்.

– டிஸ்க் நிறைஞ்சு போச்சுண்ணா. போன வருஷமே. புதுக் கல்யாணம் எல்லாம் வந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொண்ணும் யானை கணக்கா இடத்தை அடைக்குது. அவங்க பாவம் காசு குடுத்திருக்காங்களே, அவங்களது பத்திரமா இருக்கணும்னு... அப்பா எடுத்ததை டிஸ்க்லேர்ந்து எடுத்துட்டேன். கிழவர்கிட்ட மட்டும்தான் இருக்கு.

– ம்.

– திட்டுங்க.

– திட்டினா என்ன திரும்பி வரப் போகுது? பழைய கேசட்டும் இல்லை.

– பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சே. நீங்கதானே மூட்டை கட்டிப் போடச் சொன்னீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே எதுக்குன்னு.

– நான்தான் சொன்னேன். ரெண்டு பேருமாச் சேந்து நல்லா பண்ணியிருக்கோம்.

– கல்யாணம் பண்ணவங்ககிட்ட அவங்கவங்க காப்பி இருக்கும்ணா. அவங்களுக்கு ஒண்ணும் நட்டமில்லை. நம்ம வால்தான் யார்கிட்டயும் கிடையாது.

– வால்... அப்பா வச்ச பேரு. எத்தனை நாளாச்சு இந்த வார்த்தையைக் கேட்டு.

– வேற யார் சொல்லப் போறா? கல்யாணமெல்லாம் முடிஞ்சு, எல்லாரும் போனப்புறம், கேசட்ல கொஞ்சம் மிச்சம் இருந்தா கேமராவை நம்ம பக்கம் திருப்புவாரு. 'காசு குடுத்து வாங்கினது, மிச்சம் வைக்கக் கூடாது, இந்தப் பக்கம் பாருங்க ரெண்டு பேரும்'னு. வீட்டுல வச்சு ஒரு போட்டோ எடுத்திருப்பாரா நம்மளை? ஊர்ல இருக்கற குழந்தைங்களுக்கெல்லாம் ஆல்பம் போட்டாரு. நம்ம சின்ன வயசு பூரா ஊரார் கல்யாணத்துக்குப் பின்னாடி அரை அரை நிமிஷமா ஒட்டிக்கிட்டு இருக்கு.

– பார்ட்டிக்குக் குடுக்கற காப்பியில அதை வெட்டிடுவாரு.

– ஆமா, நம்மளை ஏன் அவங்க பாக்கணும்? அதெல்லாம் ஒரிஜினல்ல மட்டும்தான். அதான் கிழவர்கிட்ட. அதான் இப்ப... அண்ணா, அழுகை வருதுண்ணா. எல்லாம் போயிடுச்சான்னு மட்டும் சொல்லுங்க.

– அழு, தப்பில்லை. அழுதுக்கிட்டே அந்தப் போட்டோவைத் திற. இந்த மாதிரி ஆளுங்க மேலேர்ந்து வரிசையாத்தான் கடிச்சுக்கிட்டு வருவாங்க, பெரும்பாலும். எங்க வரைக்கும் வந்திருக்கான்னு பாப்போம். மிஷின்ல பாக்காத, போன்ல எடுத்த படத்தைப் பாத்துப் படி.

– சரி... இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன். முதல்ல, 'அழுத மாப்பிள்ளை'. போச்சு.

– ஐயோ. அந்த மாப்பிள்ளை.

– பொண்ணு சிரிச்சுக்கிட்டே கார்ல ஏறுது, இவன் தேம்பித் தேம்பி அழறான். அவங்க அம்மாவை விட்டுட்டு வேற ஊருக்கு வேலைக்குப் போறானாம். அப்பாவும் கேமராவுக்குப் பின்னாடி அழுதிருக்காரு, படமே ஆடும்.

– பார்ட்டி கேட்டதுக்கு 'காத்து'ன்னாரு. ஒரு இலைகூட அசையலை, ஏது காத்து! அடுத்தது.

– 'ஊமைக் கல்யாணம்'. போச்சு.

– அது என்னால. மைக் வயரைச் சொருக மறந்தது நான். கல்யாணம் பூரா ஒரு சத்தமும் பதிவாகலை. பழியை அப்பா தன் தலைமேல போட்டுக்கிட்டாரு. 'என் தப்பு சார், வயசாச்சு'ன்னு. அப்ப அவருக்கு என்ன, இப்ப என் வயசுதான்.

– அதோட வால்லயும் சத்தம் வராது. நீங்களும் நானும் எதுக்கோ மல்லுக்கட்டறோம், வாய் மட்டும் அசையுது. என்ன சண்டைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

– ஐஸ்கிரீமாத்தான் இருக்கும்.

– நீங்க ரெண்டு வாங்கித் தின்னுட்டு இல்லைன்னு சாதிச்சிருப்பீங்க. 'எறும்பு', போச்சு. கேக்கை வெட்டினா உள்ள எறும்புப் பட்டாளமே இருந்துச்சே, அது. 'கண்ணாடி', போச்சு. 'குதிரை மிரண்டது'... அதுவும் போச்சுண்ணா.

– குதிரை போனா போகட்டும். அதோட வால்ல நான் நல்லாவே இருக்க மாட்டேன், மொட்டைத் தலையோட.

– பேன் புடிச்சு மழிச்சாங்க! எனக்கும் சேத்து ஒட்டினதே நீங்கதான்! சிரிக்க வைக்காதீங்க, நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்.

– மெதுவா. அடுத்தது.

– 'செருப்பு'.

– சொல்லு.

– முகம் தெரியுதுண்ணா! சின்னதா மாப்பிள்ளை முகம் தெரியுது! பேருக்குப் பின்னாடி ஒண்ணும் ஒட்டலை! காலைல மேல இருந்ததை மட்டும் பாத்துட்டுப் பதறிட்டேன்!

– அதுக்குக் கீழ?

– 'தூங்கினது', முகம் இருக்கு. 'நாய்', இருக்கு. 'மழை', இருக்கு. 'வாத்தியார் டான்ஸ்', இருக்கு. கீழ எல்லாமே இருக்கு அண்ணா! செருப்பு வரைக்கும் வந்து நின்னுட்டான் கடங்காரன்!

– நம்ம கிழவர் மந்தமா வேலை செஞ்சதால தப்பிச்சோம். புதுப் பெட்டியா இருந்திருந்தா மொத்தத்தையும் கடிச்சு முடிச்சிருப்பான்.

– தூக்கிப் போடு தூக்கிப் போடுன்னு சொன்னீங்களே அவரை.

– வாபஸ் வாங்கிக்கறேன். பூட்டினதையும் அழிச்சுடாத. இன்னிக்கு சாவி இல்லை, அவ்வளவுதான். சில சமயம் அந்தக் கும்பல் போலீஸ்ல மாட்டும், சாவி வெளிய வரும். எங்க ஆஸ்பத்திரியில கொஞ்சம் அப்படித்தான் திரும்பி வந்துச்சு. கட்டாயம் வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா தூக்கிப் போட்டுட்டா, சாவி வந்தாலும் எதைத் திறக்கறது?

– சரிண்ணா. எனக்கு 'செருப்பு' தப்பிச்சது போதும். மாப்பிள்ளையோட செருப்பை எவனோ போட்டுக்கிட்டுப் போயிட்டான். அப்பா தன்னோடதைக் கழட்டிக் குடுத்துட்டு, ராத்திரி முழுக்க வெறுங்காலோட ஓடி ஓடி எடுத்தாரு. வால்ல அவரோட கால் மட்டும் வரும். எனக்குத் தெரிஞ்சு அவர் உடம்புல கேமராவுக்கு முன்னாடி வந்தது அந்தக் கால் ஒண்ணுதான்.

– இன்னொண்ணு இருக்கு. 'தூங்கினது'ல, அவரோட கை வரும்.

– எங்க?

– நான் லைட்டைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டேன்ல, மோதிரம் மாத்தற நேரத்துல வெளிச்சம் மெதுவா கீழ இறங்கி, பொண்ணோட முகம் இருட்டாயிடுமே. அப்புறம் வால்ல, நான் நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறேன். அவர் மெதுவான குரல்ல, 'இவன்தான் என் லைட்டு'ன்னு சொல்லுவாரு. ஓரத்துலேர்ந்து ஒரு கை வந்து சட்டையை இழுத்து மூடி விடும். விட்டுட்டு ஒரு தடவை இருமுவாரு. அதோட முடியும்.

– அடேங்கப்பா. இருமினது வரைக்கும் ஞாபகம் இருக்கா?

– இருக்கு. ஏன் இருக்கக் கூடாதா?

– இருக்கலாமே. சின்ன வயசுல பாத்தது, நல்ல ஞாபகசக்தி உங்களுக்கு. என் பொறந்த நாள் மட்டும் மறந்துடும்... இருங்கண்ணா, யாரோ பார்ட்டி வர்றாங்க. வாங்கம்மா, உக்காருங்க... உங்க பொண்ணோடதுதானே... அண்ணா, இவங்களுக்கு இன்னிக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தேன். என்னத்தைச் சொல்றது?

– அவங்களது டிஸ்க்ல இருக்கா?

– இருக்கு.

– அப்ப உண்மையைச் சொல்லு. மிஷின்ல கோளாறு, உங்க படம் பத்திரமா வேற இடத்துல இருக்கு, சுத்தமான மிஷின் வந்ததும் தர்றேன்னு.

– ...சொல்லிட்டேன். மொறைச்சுக்கிட்டுப் போறாங்க. நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு உங்க மேல பழி போட்டுட்டேன்.

– போடு, பழகினதுதான். இப்பக் கவனி. சைபர் போலீஸ்ல ஒரு புகார் குடு, அந்தப் போட்டோவைக் காட்டு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் உங்க ஊர்லயே இருக்காரு. நம்பகமானவரு. மத்தியானம் வந்து பாப்பாரு. அவர் வர்ற வரைக்கும் மிஷின் அப்படியே இருக்கணும்.

– ஏன், நீங்க வர மாட்டீங்களா?

– தூரமில்லையா.

– பஸ் ஓடுதே.

– குட்டி, அந்த வாசப்படியை மிதிக்காதேன்னு சொன்னது யாரு?

– நான்தான். எதுக்குச் சொன்னேன்? அப்பா போய் ஈரம்கூடக் காயலை, கடையை மொபைல் கடைக்காரனுக்குக் குடுத்துடலாம்னு சொன்னது யாரு? 'ஊரான் வீட்டுக் கல்யாணத்தை எல்லாம் கட்டிக்கிட்டு நீயே அழு'ன்னு சொன்னது யாரு?

– சொன்னேன். அப்ப என்னால அந்தக் கடைக்குள்ள நிக்க முடியலை. எங்க திரும்பினாலும் அவர் குரலாவே கேட்டுச்சு. விட்டு ஓடிட்டா போதும்னு இருந்துச்சு. உனக்கு அந்தக் குரல் வேணும்னு இருந்துச்சு. எனக்கு அது அன்னிக்குப் புரியலை.

– இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

– சொல்லத் தெரியலை. ஸ்டாண்டைத் தூக்கி அடிக்கத்தான் தெரிஞ்சுது. சரி விடு. வர்றவரு முதல் கேள்வியா இதைத்தான் கேப்பாரு, நாமளே யோசிச்சு வச்சுக்கலாம். அவன் எப்படி உள்ள வந்தான்? யாரோ அனுப்பின மெயிலை ஏதும் திறந்தியா?

– மெயிலெல்லாம் போன்லதான் பாப்பேன். அந்த மிஷின்ல எடிட்டிங் மட்டும்தான்.

– யாராவது பென் டிரைவ் கொண்டு வந்து சொருகினாங்களா?

– சொருக விடுவேனா? என் மேஜைப் பக்கமே ஒருத்தரையும் விட மாட்டேன்.

– போட்டோவைப் பாரு. 'அழுத மாப்பிள்ளை'க்கு நேரா, எப்ப மாறினதுன்னு நேரம் போட்டிருக்கும்.

– போட்டிருக்கு. நேத்து சாயந்தரம்.

– நேத்து ஞாயித்துக்கிழமை. கடை லீவு.

– ஆமா.

– லீவு நாள்ல அந்த மிஷின் ஏன் ஓடிக்கிட்டு இருந்துச்சு?

– மறந்து அப்படியே விட்டுட்டுப் போயிருப்பேன்.

– யாரு, நீயா? கேஸை மூடினோமா இல்லையான்னு பாதி ரோட்டுலேர்ந்து திரும்பி ஓடற ஆளு நீ. கடைப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் நகருவ.

– மனுஷி மறக்க மாட்டாளா?

– சரி, விடு. மெயில் இல்லை, பென் டிரைவ் இல்லை. அப்ப வெளியிலேர்ந்து நேரா உள்ள வந்திருக்கான். அப்படி வரணும்னா அந்த மிஷின்ல ஏதாவது ஒரு வழி திறந்து கிடக்கணும். வெளியூர்ல உக்காந்துக்கிட்டே இங்க இருக்கற திரையைப் பாக்கற மாதிரி...

– என்னண்ணா, நிறுத்திட்டீங்க?

– ஒண்ணுமில்லை.

– லைன்ல இருக்கீங்களா?

– இருக்கேன். குட்டி... திரையில கீழ, வலது ஓரத்துல, சின்னதா ஆரஞ்சுக் கலர்ல ஒரு வட்டம் இருக்கா?

– இருக்கு.

– அது நான் போட்டது. ரொம்ப நாள் முன்னாடி. அப்பாவுக்கு மிஷின்ல ஏதாவது மாட்டிக்கிட்டா நான் வீட்டுலேர்ந்தே சரி பண்றதுக்கு. பாஸ்வேர்டு நம்ம பழைய பாஸ்வேர்டுதான். அது வழியாத்தான் வந்திருப்பான்னு நெனக்கறேன். வர்றவர்கிட்ட முதல்ல அதைக் காட்டு. எடுத்துடச் சொல்லு. பாஸ்வேர்டு எல்லாத்தையும் சுத்தமான போன்லேர்ந்து மாத்திடு. இந்த வழி இனிமே இருக்கவே கூடாது.

– எடுத்துடச் சொல்லட்டுமா?

– கட்டாயம்.

– நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

– இதுல யோசிக்க என்ன இருக்கு? திறந்து கிடக்கற வாசல் அது.

– எடுத்துட்டா அப்புறம் நீங்க வாலை எப்படிப் பாப்பீங்க?

– என்ன சொல்ற நீ?

– திங்கக்கிழமை காலைல வந்து ஏதாவது ஒரு கல்யாணத்தைத் திறந்தா, ஆரம்பத்துலேர்ந்து ஓடாது. முந்தி யாரோ பாத்து நிறுத்தின இடத்துலேர்ந்துதான் ஓடும். எல்லாமே கடைசி அரை நிமிஷத்துல நிக்கும். முதல்ல பயந்துட்டேன், பேயோ பிசாசோன்னு. பேய்க்கு எதுக்கு நாற்காலியில தூங்கற பையனைப் பாக்கணும்? வாராவாரம் அந்த இருமல்ல வந்து நிக்குது.

– எவ்வளவு நாளாத் தெரியும் உனக்கு?

– நீங்க எப்ப ஆரம்பிச்சீங்களோ அப்பலேர்ந்து.

– தெரிஞ்சுமா சும்மா இருந்த? பாஸ்வேர்டை மாத்தியிருக்கலாம். ஒரு திட்டுத் திட்டியிருக்கலாம். ஒண்ணும் வேண்டாம், கடையைப் பூட்டும்போது மிஷினை அணைச்சுட்டுப் போயிருந்தாலே நான் உள்ள வந்திருக்க முடியாதே, குட்டி. அவனும் வந்திருக்க முடியாது.

– அணைக்கத்தான் கையை நீட்டுவேண்ணா, ஒவ்வொரு சனிக்கிழமையும். அப்புறம், நாளைக்கு அண்ணன் வருமேன்னு விட்டுட்டுப் போயிடுவேன்.